கூரையில் தொங்கிய பலூன்கள்

2024 ஜூன் 12 அன்று லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ் அணியின் பழைய கூடைப்பந்து ஆட்டக்காரர் ஜெர்ரி வெஸ்ட் இறந்துவிட்டார் என்ற செய்தி வந்தபோது, மறுநாள் விடியற்காலை ஆட்டத்துக்காக நான் அலாரம் வைத்துக்கொண்டிருந்தேன். டாலஸில் நடக்கவிருந்த, அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.-வின் இறுதித் தொடரின் மூன்றாவது ஆட்டம் அது. ஆடிய அணிகளில் ஒன்று பாஸ்டன் செல்டிக்ஸ். 86 வயது, நிறைந்த வாழ்க்கை, எல்லாம் சரிதான், ஆனாலும் பாஸ்டன் இன்னொரு பட்டத்தை நெருங்கிக்கொண்டிருந்த வாரத்திலா இந்த மனிதர் போக வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது. ஐந்து நாள் கழித்து பாஸ்டன் தன் 18-வது பட்டத்தை வாங்கி, லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸின் 17-ஐத் தாண்டிப் போனது.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. லேக்கர்ஸும் செல்டிக்ஸும் மோதிய 1969 இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டம், அதன் கடைசிக் கால் பகுதியான நான்காவது குவார்ட்டர், மங்கலாக ஒரு பழைய ஒளிப்பதிவு கிடைக்கிறது. எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அன்றும் பார்த்தேன். முடிவு தெரிந்த ஆட்டம்தான், இருந்தாலும் ஒவ்வொரு முறையும் ஒரு குறிப்பிட்ட இடத்தில் கை தானாக இறுகிவிடுகிறது. அந்த இடத்தைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

லேக்கர்ஸ், செல்டிக்ஸ் என்றதும் பெரும்பாலானவர்கள் மேஜிக் ஜான்சனையும் லாரி பேர்டையும் நினைப்பார்கள். கொஞ்சம் இளையவர்களாக இருந்தால் 2008-ம் 2010-ம், கோபி பிரையன்ட்டும் பால் பியர்ஸும். அவையெல்லாம் அருமையான தொடர்கள், மறுக்கவில்லை. இந்த இரண்டு அணிகளும் இதுவரை 12 முறை இறுதித் தொடரில் மோதியிருக்கின்றன, ஒன்பது பாஸ்டனுக்கு, மூன்று லேக்கர்ஸுக்கு. ஆனால் அந்த ஒன்பதில் ஆறைத் தன் உடம்பில் வாங்கிக்கொண்ட ஒரு மனிதர் இருக்கிறார். 1962, 1963, 1965, 1966, 1968, 1969. ஆறு முறையும் லேக்கர்ஸ் சட்டையில் 44-ஆம் எண்ணோடு ஆடியவர் ஜெர்ரி வெஸ்ட். ஆறு முறையும் எதிர்ப்பக்கம் பில் ரஸ்ஸல். என்னைப் பொறுத்தவரை இந்தப் பகையின் கதை இவர்கள் இரண்டு பேரின் கதைதான்.

கணக்கு ஒன்று சொல்கிறேன், இது என்னை விடாமல் துரத்துகிற கணக்கு. முதலில் நான்கு ஆட்டம் ஜெயிக்கிற அணிக்குத்தான் பட்டம், அந்த ஆறில் மூன்று தொடர்கள் ஏழாவது ஆட்டம் வரை போயின. 1962-இல் 110-107. 1966-இல் 95-93. 1969-இல் 108-106. மூன்று வித்தியாசங்களையும் கூட்டினால் ஏழு புள்ளிகள். மூன்று பட்டங்கள், ஏழு புள்ளிகள்!

1962-இல் வழக்கமான நேரம் முடிய ஒருசில நொடிகள் இருக்கும்போது 100-100. பந்து லேக்கர்ஸின் ஃபிராங்க் செல்வியிடம் போனது. கல்லூரி நாட்களில் ஒரே ஆட்டத்தில் 100 புள்ளிகள் எடுத்தவர் அவர், அப்படிப்பட்ட கை. பக்கவாட்டிலிருந்து எளிதான தூரம். பந்து வளையத்தில் பட்டு வெளியே வந்தது, ரஸ்ஸல் எடுத்துக்கொண்டார், கூடுதல் நேரத்தில் பாஸ்டன் ஜெயித்தது. இத்தனைக்கும் அதே தொடரின் ஐந்தாவது ஆட்டத்தில் லேக்கர்ஸின் எல்ஜின் பெய்லர் பாஸ்டனுக்கே போய் 61 புள்ளிகள் எடுத்திருந்தார். ராணுவ ரிசர்வ் பணியில் இருந்துகொண்டு, விடுப்பு கிடைத்த நாட்களில் மட்டும் வந்து ஆடிய வருடம் அது. பெய்லரைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும், இங்கே அடங்க மாட்டார்.

சரி, 1969-க்கு வருவோம்.

அந்த வருடம் எல்லாமே லேக்கர்ஸ் பக்கம் இருந்தது. 1968 கோடையில் ஃபிலடெல்ஃபியாவிலிருந்து வில்ட் சேம்பர்லினை வாங்கிவிட்டார்கள். வெஸ்ட், பெய்லர், சேம்பர்லின் மூன்று பேரும் ஒரே அணியில். சீசன் முடிவில் 55 வெற்றி, 27 தோல்வி. பாஸ்டனோ 48 வெற்றியோடு கிழக்குப் பிரிவில் நான்காவது இடத்தில் தட்டுத்தடுமாறி உள்ளே வந்த அணி. ரஸ்ஸலுக்கு 35 வயது, முட்டி தேய்ந்துவிட்டது, அவரே ஆட்டக்காரர், அவரே கோச். 1966-இல் ரெட் ஆவர்பாக் விலகியபோது அந்தப் பொறுப்பு ரஸ்ஸலிடம் வந்தது. என்.பி.ஏ.-வில் ஓர் அணிக்குத் தலைமைப் பயிற்சியாளரான முதல் கறுப்பினத்தவர் அவர். சாம் ஜோன்ஸுக்கும் வயது 35, இதுதான் தன் கடைசி சீசன் என்று முன்பே சொல்லிவிட்டார். ரஸ்ஸல் அப்படி யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் அவருக்கும் அதுதான் கடைசி.

கூடவே இன்னொரு சாதகம், ஏழாவது ஆட்டம் வந்தால் அது லாஸ் ஏஞ்சலஸில். அதுவரை பாஸ்டனோடு ஆடிய இரண்டு ஏழாவது ஆட்டங்களும் பாஸ்டனில்தான் நடந்தன. இப்போது முதல் முறையாகச் சொந்த மண்.

முதல் ஆட்டம், ஏப்ரல் 23. வெஸ்டுக்கு இரட்டைக் காவல் போட வேண்டாம், ஒரே ஆள் போதும் என்று ரஸ்ஸல் முடிவெடுத்தார். வெஸ்ட் 53 புள்ளிகள் எடுத்தார், அதோடு 10 அசிஸ்ட், அதாவது சக ஆட்டக்காரர் கூடை போட வழி செய்த பாஸ். மூன்று புள்ளிக் கோடு என்பதே அப்போது கிடையாது, அது 1979-இல்தான் என்.பி.ஏ.-வுக்கு வந்தது. எவ்வளவு தூரத்திலிருந்து போட்டாலும் இரண்டுதான். அப்படி 53. லேக்கர்ஸ் 120-118. இரண்டாவது ஆட்டத்தில் வெஸ்ட் 41, பாஸ்டன் தரப்பில் ஜான் ஹாவ்லிசெக் 43, ஆனாலும் லேக்கர்ஸ் 118-112. பாஸ்டனுக்கு எதிராக 2-0 என்ற முன்னிலை. இதற்கு முந்தைய எந்த இறுதித் தொடரிலும் லேக்கர்ஸுக்கு அது கிடைத்ததே இல்லை.

மூன்றாவது ஆட்டத்திலிருந்து ரஸ்ஸல் பிடிவாதத்தை விட்டார். வெஸ்ட் மீது இரண்டு பேர் விழுந்தார்கள். பாஸ்டன் 111-105.

நான்காவது ஆட்டத்தை நினைத்தாலே எனக்கு வயிறு கலங்கும். இரண்டு அணிகளும் களைத்துப்போய், பந்தைத் தவறவிட்டு, குறி தப்பி, ஆட்டமே அசிங்கமாக ஓடியது. கடைசி நொடிகளில் லேக்கர்ஸ் 88-87, பந்தும் அவர்கள் கையில். பிடித்து வைத்துக்கொண்டால் போதும், தொடர் 3-1. எம்மெட் பிரையன்ட் பந்தைத் தட்டிப் பறித்தார். பாஸ்டன் ஓடிப்போய்ப் போட்ட பந்து உள்ளே போகவில்லை, ஆனால் பந்து மறுபடியும் அவர்களுக்கே கிடைத்தது. ஏழு நொடி பாக்கி. டைம் அவுட். ஹாவ்லிசெக்கும் லாரி சீக்ஃபிரைடும் ஒஹாயோ ஸ்டேட் கல்லூரியில் ஒன்றாக ஆடியவர்கள், அங்கே பயன்படுத்திய ஓர் உத்தியை அணிக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். மூன்று பேர் வரிசையாக நின்று ஸ்க்ரீன் போட, அந்தச் சுவருக்குப் பின்னால் சாம் ஜோன்ஸ் வந்து நிற்க வேண்டும். வந்து நின்றார், எம்பும்போது கால் வழுக்கியது. விழுந்துகொண்டே எறிந்த பந்து வளையத்தில் முட்டி, தயங்கி, உள்ளே இறங்கியது. 89-88.

செல்வியின் பந்து வளையத்தில் பட்டு வெளியே வந்தது, சாம் ஜோன்ஸின் பந்து வளையத்தில் பட்டு உள்ளே போனது. ஏன் என்று கேட்டால் யாரிடமும் பதில் கிடையாது. வெஸ்ட் வாழ்நாள் முழுக்க இதையேதான் கேட்டுக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன்.

ஐந்தாவது ஆட்டம் மே 1, மறுபடியும் லாஸ் ஏஞ்சலஸ். வெஸ்ட் 39, லேக்கர்ஸ் 117-104. வெற்றி ஏறக்குறைய உறுதியான கடைசி நிமிடங்களில் ஒரு பந்துக்காகப் பாய்ந்து வெஸ்டின் தொடைத்தசை பிடித்துக்கொண்டது. அடுத்த ஆட்டம் மே 3, நாட்டின் மறு கோடியில் பாஸ்டனில். அதற்கு அடுத்தது மே 5, மறுபடி லாஸ் ஏஞ்சலஸ். தொடைத்தசை பிடித்த ஒரு மனிதர் ஐந்து நாளுக்குள் கண்டத்தை இரண்டு முறை விமானத்தில் கடந்து இரண்டு ஆட்டம் ஆட வேண்டும். ஆறாவது ஆட்டத்தில் நொண்டிக்கொண்டே 26 எடுத்தார். சேம்பர்லின் எடுத்தது 8. பாஸ்டன் 99-90. தொடர் 3-3.

இப்போது பலூன்கள்.

லேக்கர்ஸின் உரிமையாளர் ஜாக் கென்ட் குக். இங்கிள்வுட்டில் ஃபோரம் அரங்கத்தைக் கட்டியவர். ஏழாவது ஆட்டத்துக்கு முன்னால் அவர் அரங்கத்தின் கூரையில் வலைகளைக் கட்டி ஆயிரக்கணக்கான பலூன்களை நிரப்பி வைத்தார். துண்டுப் பிரசுரம் ஒன்றும் அச்சாகியிருந்தது. லேக்கர்ஸ் ஜெயித்ததும் கூரையிலிருந்து பலூன்கள் இறங்கும், தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் இசைக்குழு கொண்டாட்டப் பாட்டு வாசிக்கும், வர்ணனையாளர் சிக் ஹெர்ன் வெஸ்டையும் பெய்லரையும் சேம்பர்லினையும் பேட்டி எடுப்பார் என்று நிகழ்ச்சி நிரலே போட்டிருந்தார்கள். 'ஜெயித்தால்' என்ற பேச்சே அதில் இல்லை, 'ஜெயித்ததும்' மட்டும்தான். அதில் ஒரு பிரதி ரஸ்ஸலின் கைக்குப் போய்ச் சேர்ந்தது. அவர் அதைத் தன் ஆட்களுக்குக் காட்டினார். வேறு உற்சாகப் பேச்சு எதுவும் அந்த அணிக்குத் தேவைப்பட்டிருக்காது.

எனக்கு அந்தப் பலூன்கள் மீது இன்றும் கோபம் உண்டு. வெஸ்டுக்கும் இருந்தது, பிற்காலத்தில் அதைப் பலமுறை சொல்லியிருக்கிறார். அந்த ஆட்டத்துக்கு முன்பே பாஸ்டனிடம் ஐந்து தடவை தோற்றவர் அவர். அந்தக் கோர்ட்டில் நின்ற யாரையும்விட ரஸ்ஸலை நன்றாக அறிந்தவர். அப்படிப்பட்டவர் தலையை நிமிர்த்தி மேலே பார்த்தால் பலூன்கள் தொங்குகின்றன. கட்டியவர் ஒரு தடவைகூடப் பந்தைத் தொடாதவர்.

பாஸ்டன் ஆரம்பத்திலேயே முந்தியது. லேக்கர்ஸ் எட்டிப் பிடித்தது, மூன்றாவது குவார்ட்டரில் சமன்கூட ஆனது, பிறகு பல நிமிடங்கள் லேக்கர்ஸால் ஒரு கூடைகூடப் போட முடியவில்லை. அந்தக் குவார்ட்டர் முடியும்போது 91-76. சேம்பர்லின் ஐந்து ஃபவுல்களோடு ஆடிக்கொண்டிருந்தார், இன்னொன்று வாங்கினால் வெளியே. தன் வாழ்நாளில் ஒரு ஆட்டத்தில்கூட ஃபவுலால் வெளியேறாதவர் என்ற பெருமை அவருக்கு உண்டு, அதைக் காப்பாற்ற எச்சரிக்கையாக ஆடினார் என்று சிலர் சொல்வார்கள். நான் அதைச் சொல்ல மாட்டேன். அன்று அவர் எடுத்த ரீபவுண்டுகள், அதாவது கூடை தப்பித் திரும்பிய பந்தைப் பிடித்தவை, 27.

நான்காவது குவார்ட்டரில் வெஸ்ட் செய்ததை எழுதி விளக்க முடியுமா என்று தெரியவில்லை. பார்க்கத்தான் வேண்டும். ஒரு தொடையில் கட்டு, ஓடும்போது இடுப்பு ஒரு பக்கமாகச் சாய்கிறது, ஆனால் நின்று எம்பும் நேரத்தில் மட்டும் உடம்பு நேராகிவிடுகிறது. வேகமான கை. பந்தைத் தரையில் தட்டித் தட்டி டிரிபிள் செய்துகொண்டே வந்து, கடைசி டிரிபிளை மட்டும் பலமாகத் தரையில் அடித்து, அது திரும்பி எழும் வேகத்திலேயே பந்தை மேலே கொண்டுபோவார். நானும் கல்லூரி அணியில் பந்தைக் கொண்டுபோகிற கார்டாக ஆடியவன், அந்தக் கடைசி டிரிபிளை எத்தனையோ சாயங்காலம் செய்து பார்த்திருக்கிறேன், பந்து நெஞ்சுக்கு வருவதற்குள் எதிரே ஆள் வந்துவிடுவான். வெஸ்டுக்கு அது பார்ப்பவர் கண் சிமிட்டுவதற்குள் நடக்கும்.

17 புள்ளிப் பள்ளத்திலிருந்து லேக்கர்ஸ் ஏறியது. ஆறு நிமிடத்துக்கும் குறைவாக இருக்கும்போது சேம்பர்லின் ஒரு ரீபவுண்டுக்கு எம்பி இறங்கியதில் முட்டியில் அடி. நொண்டிக்கொண்டு வெளியே போனார், மெல் கவுன்ட்ஸ் உள்ளே வந்தார். ஏறுமுகம் நிற்கவில்லை. கவுன்ட்ஸ் ஒரு ஜம்ப் ஷாட்டைப் போட்டார். 103-102. ஒரே ஒரு புள்ளி! ஃபோரம் அரங்கமே எழுந்து நிற்கிறது, பலூன்கள் மேலே காத்திருக்கின்றன.

இந்த நேரத்தில் சேம்பர்லின், முட்டி பரவாயில்லை, என்னை உள்ளே அனுப்பு என்று கேட்கிறார். கோச் வான் பிரெடா கோல்ஃப் அனுப்பவில்லை. நீ இல்லாமலே நன்றாகத்தான் போகிறது என்கிற மாதிரி பதில் சொன்னார். இருவருக்கும் சீசன் முழுக்கவே ஆகாது, சேம்பர்லின் நிற்கும் இடத்தால் பெய்லருக்கு வழி அடைபடுகிறது என்பது கோச்சின் குறை, பந்தைக் கொடுப்பதில்லை என்பது சேம்பர்லினின் குறை. அந்தப் பகையெல்லாம் ஒரு சீசனின் கடைசி இரண்டு மூன்று நிமிடத்தில் வந்து நின்றது. சேம்பர்லின் மாதிரி ஓர் ஆட்டக்காரர், ஏழாவது ஆட்டத்தின் முடிவில், பெஞ்சில். கோச்சை நான் மன்னிக்கவே இல்லை. அந்தக் கோடையிலேயே அவர் லேக்கர்ஸை விட்டு விலகி டெட்ராய்ட் அணிக்குப் போனார்.

கை இறுகுகிற இடம் என்று சொன்னேன் அல்லவா, அது இதுதான். ஆட்டம் முடிய ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல். ஹாவ்லிசெக் பந்தோடு வருகிறார், லேக்கர்ஸின் கீத் எரிக்சன் பின்னாலிருந்து கையை நீட்டித் தட்டிவிடுகிறார். மிகச் சரியான தடுப்பு, எந்தக் கோச்சும் பாராட்டுவான். தட்டிய பந்து போய் விழுந்த இடம் ஃப்ரீ த்ரோ கோட்டில் நின்ற டான் நெல்சனின் கை. நெல்சன் யோசிக்காமல் எறிகிறார். பந்து வளையத்தின் பின்பக்கத்தில் மோதுகிறது, நேராக மேலே எழும்புகிறது, பலகையைவிட உயரமாகப் போகிறது, பிறகு செங்குத்தாக இறங்கி வலைக்குள் விழுகிறது. 105-102.

அந்த டான் நெல்சன், நான்கு வருடங்களுக்கு முன் லேக்கர்ஸே வேண்டாம் என்று விடுவித்த ஆள். வேறு யாரும் சேர்த்துக்கொள்ளாத நேரத்தில் பாஸ்டன் கூப்பிட்டுக்கொண்டது.

முடிவு 108-106. வெஸ்ட் 42 புள்ளிகள், 13 ரீபவுண்ட், 12 அசிஸ்ட், ஒற்றைக் காலோடு. ரஸ்ஸல் எடுத்த புள்ளிகள் 6, ரீபவுண்டுகள் 21. ரஸ்ஸலுக்கு இது 13 சீசனில் 11-வது பட்டம், அவர் வாழ்நாளில் ஆடிய ஏழாவது ஆட்டங்களில் ஒன்றைக்கூடத் தோற்றதில்லை. பலூன்கள் வலையிலேயே இருந்தன.

என்.பி.ஏ. இறுதித் தொடரின் சிறந்த ஆட்டக்காரர் என்ற விருதை முதன்முதலில் கொடுத்தது அந்த வருடம்தான். வெஸ்டுக்குக் கொடுத்தார்கள். தொடர் முழுவதும் சராசரி 37.9 புள்ளிகள் எடுத்தவருக்குக் கொடுக்காமல் வேறு யாருக்குக் கொடுக்க முடியும்? அரை நூற்றாண்டுக்கும் மேல் ஆகிவிட்டது, தோற்ற அணியிலிருந்து அந்த விருதை வாங்கியவர் இன்றுவரை அவர் ஒருவர்தான். பரிசாக ஒரு டாட்ஜ் சார்ஜர் கார் கொடுத்தார்கள். பச்சை நிறக் கார். பாஸ்டன் செல்டிக்ஸின் நிறம்.

இந்த விருதை ஓர் ஆறுதலாகப் பேசுபவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. 'தோற்றாலும் அவர்தான் ஜெயித்தார்' என்று எழுதுகிறார்கள். வெஸ்ட் அப்படி ஒரு நாளும் நினைத்ததில்லை. எனக்கும் ஒரு சின்ன அனுபவம் உண்டு, இவரோடு ஒப்பிடச் சொல்லவில்லை. கல்லூரிகளுக்கு இடையிலான போட்டி ஒன்றில், ஒரு புள்ளி பின்தங்கியிருக்கும்போது கடைசியில் எனக்கு, தடுக்க ஆள் இல்லாமல் எறிகிற ஃப்ரீ த்ரோ இரண்டு கிடைத்தது. ஒன்று போனது, அடுத்தது வளையத்தில் சுற்றி வெளியே வந்தது. கூடுதல் நேரத்தில் தோற்றோம். பேருந்தில் திரும்பி வரும்போது நண்பர்கள் ஒவ்வொருவராக வந்து, நீதான்டா அன்றைக்கு நன்றாக ஆடினவன், விடுடா என்றார்கள். அவர்கள் அன்பாகச் சொன்னதுதான், ஆனால் ஒவ்வொரு முறை சொல்லும்போதும் அந்தப் பந்து இன்னொரு தடவை வெளியே வந்தது. 20 வருடம் கழித்தும் அந்த வளையம் எனக்குக் கனவில் வருகிறது. ஒரு கல்லூரி ஆட்டத்துக்கே இப்படி என்றால், ஆறு முறை தோற்றவருக்கு அந்தக் காரைப் பார்க்கும்போது எப்படி இருந்திருக்கும்?

அந்த இரவில் வெஸ்டுக்கு ஆறுதல் என்று ஏதாவது கிடைத்திருந்தால் அது வேறு இடத்திலிருந்து வந்தது. ஆட்டம் முடிந்ததும் பாஸ்டன்காரர்கள்தான் அவரைத் தேடி வந்தார்கள். ஹாவ்லிசெக் வந்து உன்னை நேசிக்கிறேன் என்றார். ரஸ்ஸல் வந்து வெஸ்டின் கையைப் பிடித்துக்கொண்டார். எதுவும் பேசவில்லை. பேசுவதில் வல்லவர் ரஸ்ஸல், அரங்கமே அதிரும்படி சிரிக்கிற ஆள், அன்று வெறுமனே கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

ரஸ்ஸலை நான் சின்ன வயதில் வெறுத்தேன், வெஸ்டின் பக்கம் நின்றதால் அப்படி. பிறகு அவர் வாழ்க்கையைப் படிக்கப் படிக்க அது போய்விட்டது. பாஸ்டனுக்குப் பட்டங்களாகக் குவித்துக் கொடுத்த மனிதரின் வீட்டில், ரெடிங் என்ற ஊரில், ஆள் இல்லாத நேரத்தில் புகுந்து, பொருட்களை உடைத்து, சுவரில் நிறவெறி வார்த்தைகளை எழுதி, படுக்கையில் மலம் கழித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். 1972-இல் அவர் எண் 6-ஐ அரங்கத்தின் கூரைக்கு ஏற்றியபோது, ரசிகர்களை உள்ளே விடுவதற்கு முன்பு, அணித் தோழர்கள் மட்டும் இருக்கும்போது செய்யச் சொன்னார். அந்த ஊருக்காக ஆடவில்லை, அணிக்காக ஆடினேன் என்ற நிலைப்பாட்டில் கடைசிவரை நின்றார். 2022-இல் அவர் இறந்த பிறகு அந்த எண்ணை லீக் முழுவதிலும் இனி யாருக்கும் கொடுப்பதில்லை என்று என்.பி.ஏ. முடிவு செய்தது. வேறு எந்த ஆட்டக்காரருக்கும் கிடைக்காத மரியாதை.

அதே மே 5 ஆட்டம் ரஸ்ஸலுக்கும் சேம்பர்லினுக்கும் நடுவே இருந்ததை உடைத்தது. இருவரும் நல்ல நண்பர்கள், நன்றி அறிவிப்பு நாளில் ஒருவர் வீட்டில் ஒருவர் சாப்பிடுகிற அளவுக்கு. ஓய்வு பெற்ற சில நாட்களில் மாணவர்கள் கூட்டம் ஒன்றில் பேசும்போது ரஸ்ஸல், அந்த முட்டிக் காயத்துக்காக சேம்பர்லின் வெளியே போனது சரியில்லை என்கிற மாதிரி சொல்லிவிட்டார். செய்தி வெளியே வந்தது. 20 வருடங்கள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. பிறகு ரஸ்ஸல் தன் தவறை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டார், நட்பு திரும்பியது, 1999-இல் சேம்பர்லின் இறந்தபோது அஞ்சலிக் கூட்டத்தில் ரஸ்ஸல் பேசினார். இத்தனை வருடம் வீணானதே என்று இதைப் படிக்கும்போதெல்லாம் தோன்றும்.

வெஸ்டின் மிச்சக் கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். 1970 இறுதித் தொடரில் நியூயார்க்குக்கு எதிராக மூன்றாவது ஆட்டத்தின் கடைசி நொடியில் 60 அடி தூரத்திலிருந்து எறிந்தார், உள்ளே போனது, இன்றைய விதிப்படி மூன்று புள்ளிகள், வெற்றி. அன்று இரண்டுதான், சமன், கூடுதல் நேரத்தில் தோல்வி. தொடரையும் இழந்தார்கள். 1971-72 சீசனின் ஆரம்பத்தில் பெய்லர் முட்டி தாங்காமல் ஓய்வு பெற்றார், அதற்கு அடுத்த ஆட்டத்திலிருந்து லேக்கர்ஸ் வரிசையாக 33 ஆட்டங்களை ஜெயித்து, அந்த சீசனில் பட்டமும் வாங்கியது. வெஸ்டின் ஒரே பட்டம். அந்தத் தொடரில் தான் மோசமாக ஆடியதாக அவரே சொல்வார், உண்மையும் அதுதான், பந்து உள்ளே போகவே இல்லை. உயிரைக் கொடுத்து ஆடிய வருடங்களில் தோற்றுவிட்டு, கை ஓடாத வருடத்தில் ஜெயித்ததை அவரால் முழுதாகச் சந்தோஷமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

அவர் உருவத்தைத்தான் என்.பி.ஏ. தன் சின்னமாக வைத்திருக்கிறது. சிவப்புக்கும் நீலத்துக்கும் நடுவே டிரிபிள் செய்துகொண்டு போகிற அந்த வெள்ளை நிழல். வடிவமைத்த ஆலன் சீகல், வெஸ்டின் புகைப்படத்தை வைத்து வரைந்ததாகச் சொல்லியிருக்கிறார். லீக் அதை அதிகாரபூர்வமாக ஒப்புக்கொண்டதில்லை. அணி நிர்வாகியாக 80-களில் லேக்கர்ஸைக் கட்டியவர், 1996-இல் ஷகீல் ஓ'நீலையும் கோபி பிரையன்ட்டையும் ஒரே கோடையில் கொண்டுவந்தவர். இவ்வளவுக்கும் பிறகு 2011-இல் எழுதிய தன்வரலாற்றில், வாழ்நாள் முழுக்கத் தன்னை விடாத மனச்சோர்வைப் பற்றியும், அடிக்கிற அப்பாவைப் பற்றியும், தனக்கு 13 வயதாக இருந்தபோது கொரியப் போரில் பறிகொடுத்த அண்ணன் டேவிட்டைப் பற்றியும் வெளிப்படையாக எழுதினார். அதைப் படித்த பிறகு அந்த நான்காவது குவார்ட்டரை என்னால் பழைய மாதிரி பார்க்க முடிவதில்லை. ஜெயித்திருந்தால்கூட அவருக்குள் இருந்தது போயிருக்குமா என்று தோன்றும். போயிருக்காது என்றுதான் நினைக்கிறேன், இருந்தாலும் அவர் ஜெயித்திருக்க வேண்டும்.

1971 மார்ச்சில், வெஸ்ட் ஆடிக்கொண்டிருக்கும்போதே, ஃபோரம் அரங்கத்தில் அவருக்கு ஒரு பாராட்டு விழா எடுத்தார்கள். பட்டம் எதுவும் இன்னும் கையில் இல்லை. ரஸ்ஸல் ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகியிருந்தது, இந்த மாதிரி விழாக்களுக்கெல்லாம் போகிற ஆள் இல்லை அவர், தன் விழாவிலேயே கூட்டத்தை வேண்டாம் என்று சொல்லப்போகிற மனிதர். அன்றைக்கு வந்தார். பலூன்கள் தொங்கிய அதே கூரைக்குக் கீழே, லாஸ் ஏஞ்சலஸ் ரசிகர்கள் முன்னால் மைக்கைப் பிடித்து, சக ஆட்டக்காரர்களின் மதிப்பும் நட்பும் உனக்குக் கிடைத்த மாதிரி யாருக்கும் கிடைத்ததில்லை, ஜெர்ரி, உண்மையான பொருளில் நீ ஒரு சாம்பியன் என்றார். அப்புறம், எனக்கு ஒரே ஒரு வரம் கிடைக்குமென்றால், நீ எப்போதும் சந்தோஷமாக இருக்க வேண்டும் என்றுதான் கேட்பேன் என்றார்.